இடத்தை மாற்றச் சொன்ன ஆர்க்கிடெக்ட்: கண்டலம ஹோட்டல், ஒரு நிகழ்வு ஆய்வு

சிகிரியாவின் அடிவாரத்தில் ஒரு ஹோட்டல் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் ஜெஃப்ரி பாவாவிடம் வந்து கேட்டது இதைத்தான். பாவாவுக்கு அப்போது எழுபது கடந்துவிட்டது. இலங்கையின் நாடாளுமன்றத்தையே கட்டி முடித்தவர். வசதியான இடம், பணமுள்ள வாடிக்கையாளர், உலகப் புகழ்பெற்ற பாறை. வேறு யாராவது என்றால் மறுவாரமே வரைபடம் போட ஆரம்பித்திருப்பார்கள். பாவா அந்த இடம் வேண்டாம் என்றார். சுற்றுவட்டாரத்தை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தார். சிகிரியாவிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தள்ளி, கண்டலம குளத்தை ஒட்டி எழுகிற ஒரு பாறைச் சரிவைக் காட்டி, கட்டுவதானால் இங்கே கட்டலாம் என்றார். நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

1994இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேல் படர்ந்த கொடிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். காட்டுக்குள் மறைந்த கட்டடம், இயற்கையோடு கலந்த கட்டடம் என்றெல்லாம். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், அதில் தப்பில்லை. ஆனால் கொடி கடைசியாக வந்தது. அதற்கு முன்பே இந்தக் கட்டடத்தின் நல்லது கெட்டது எல்லாம் தீர்மானமாகிவிட்டது: எங்கே நிற்பது, எப்படி நிற்பது, உள்ளே வருகிறவர் எதை எப்போது பார்ப்பது. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு அப்புறம் கொடிக்கு வரலாம்.

எங்கே நிற்பது

கண்டலம குளம் இருக்கிற தம்புள்ளைப் பகுதி இலங்கையின் உலர் வலயத்தில் வருகிறது. வடகீழ்ப் பருவமழை கொட்டும் சில மாதங்கள் தவிர மீதி நாளெல்லாம் வெயில்தான். மழையைப் பிடித்து வைத்தால்தான் வயல் உண்டு என்பதால் இந்தப் பகுதி முழுக்கக் குளங்கள். ஒவ்வொரு குளத்துக்கும் மேலே காடு, நடுவே நீர்ப்பரப்பு, அப்புறம் அணைக்கட்டு, கீழே வயலும் ஊரும். மேட்டுக் காட்டை விட்டுவைத்தால்தான் குளத்தில் மண் சேராது, தண்ணீர் கெடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒழுங்கில் ஓடுகிற நிலம் இது.

சமதரையின் நடுவே ஆங்காங்கே பெரிய பாறைக் குன்றுகள் எழுந்து நிற்கும். தம்புள்ளைக் குகை விகாரை அப்படியொரு குன்றில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அரண்மனை கட்டிய சிகிரியா இன்னொன்று. இரண்டும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் உள்ளவை. சிகிரியா 1982இல் சேர்ந்தது, தம்புள்ளை 1991இல். கண்டலம குளம் இந்த இரண்டுக்கும் நடுப்பட்ட பகுதியில் வருகிறது.

குளத்தோரம் ஒரு ஹோட்டல் கட்ட வந்தவருக்கு அங்கே மூன்று வழிகள் இருந்தன. கரையோரச் சமதரையில் கட்டலாம். செலவு குறைவு, வேலை சுலபம், தண்ணீரும் பக்கம். ஆனால் கரை நிலம் பருவத்துக்குப் பருவம் மாறும். குளம் நிரம்பினால் மூழ்கும், வற்றினால் சேறாகக் கிடக்கும். அதோடு குளத்தின் எதிர்க்கரையிலிருந்து பார்க்கிற ஊர்க்காரர் கண்ணுக்கு முதலில் தெரிவது ஹோட்டலாகத்தான் இருக்கும். இரண்டாவது, குன்றின் உச்சி. காட்சி அருமையாகக் கிடைக்கும், ஆனால் குன்றின் விளிம்புக் கோடு போய்விடும். அப்புறம் அந்தக் குன்று குன்றாக இருக்காது, ஹோட்டலுக்கு அடித்தளமாகிவிடும்.

பாவா மூன்றாவதை எடுத்தார். குன்றின் பக்கவாட்டில், பாறையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, சரிவின் வளைவு போகிற போக்கிலேயே கட்டடத்தை நீட்டினார். 152 அறைகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவ்வளவு பெரிய கட்டடம், ஆனால் பின்னால் அதைவிடப் பெரிய பாறை இருப்பதால் அதன் பருமன் கண்ணை உறுத்துவதில்லை. பெரிய கட்டடத்தைச் சிறியதாகக் காட்ட எத்தனையோ உத்திகள் உண்டு. அதைவிடப் பெரிய ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் செலவில்லாத உத்தி.

சிகிரியாவும் கிடைத்தது. அடிவாரத்தில் இருந்திருந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒரு கற்சுவர். இங்கிருந்து பார்த்தால் குளம், அதற்கப்பால் காடு, காட்டுக்கு மேலே தனியாக எழுந்து நிற்கிற பாறை. சிகிரியா எப்படிப்பட்ட நிலத்தில் நிற்கிறது என்பதே தள்ளி நின்றால்தான் புரியும். தொல்லியல் இடத்தின் மேல் விழவிருந்த பாரமும் குறைந்தது. ஆனால் அந்தப் பாரம் இல்லாமல் போகவில்லை, கண்டலம குளத்தின் மேல் வந்து விழுந்தது.

எதிர்ப்பு

1992இல் இந்தத் திட்டத்துக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்தது. தம்புள்ளைப் பகுதியின் பௌத்தத் துறவிகள், விவசாயிகள், சூழலியல் அமைப்புகள், கொழும்பிலிருந்து வந்த ஆர்வலர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு முக்கியமாக இரண்டு பயங்கள். ஒன்று குளம். நூற்றுக்கணக்கான விருந்தினர் தங்குகிற இடத்தின் கழிவு எங்கே போகும்? மேட்டில் கட்டடம், பள்ளத்தில் குளம், அதற்குக் கீழே வயல். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று பண்பாடு. புனிதத் தலத்துக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரச் சுற்றுலா வந்தால் ஊர் என்ன ஆகும் என்ற கவலை.

கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். நல்ல கட்டடம், முதலில் புரியாமல் எதிர்த்தார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு கதை. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. எதிர்த்தவர்கள் கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசவில்லை, நீர்ப்பிடிப்பைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கட்டி முடித்த ஹோட்டலில் கழிவுநீர் சுத்திகரிப்பும், சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கே பாய்ச்சுவதும் இவ்வளவு முக்கியமான அங்கமாக ஆனதில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஓர் இடத்துக்கு இசைவாகக் கட்டுவது என்றால் அந்த இடத்தில் ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கண்டலமவில் பாறைக்கும் மரத்துக்கும் கிடைத்த கவனம் ஊருக்கு முதலில் கிடைத்ததா என்பது நியாயமான சந்தேகம்.

இந்த மனிதர் யார்

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், முஸ்லிம் வம்சமும் ஆங்கிலேய வம்சமும் கலந்த குடும்பம். தாய் வழியில் பறங்கியர் மரபு, அதாவது இலங்கையில் குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்தவர்கள். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்து, லண்டனில் சட்டம் படித்து, வழக்கறிஞராகி, அது பிடிக்காமல் ஊர் சுற்றினார். இத்தாலியில் ஏரிக்கரையில் ஒரு வீடு வாங்கிக் குடியேறப் பார்த்து அது அமையவில்லை. 1948இல் திரும்பி வந்து பெந்தோட்டை அருகே கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்க. அந்தத் தோட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்த்தான் தனக்குக் கட்டடக்கலை தெரியவில்லை என்று உணர்ந்து, மறுபடி மாணவராக லண்டன் போனார். ஆர்க்கிடெக்ட்டாகத் தகுதி பெற்றபோது வயது 38.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாவா என்றாலே நிலத்தைத் தொடாமல் கட்டியவர் என்று ஒரு பிம்பம் இருக்கிறது. லுணுகங்கவில் அவர் நிலத்தைத் தொடாமல் விடவே இல்லை. வீட்டிலிருந்து பார்த்தால் எதிரே இருந்த குன்று தூரத்து ஏரியையும் அதற்கப்பால் உள்ள விகாரையையும் மறைத்தது. குன்றின் தலையைச் செதுக்கித் தாழ்த்தினார். மரங்களின் கிளைகளில் கனம் கட்டித் தொங்கவிட்டு வளைத்தார். ஐம்பது ஆண்டுகள் அந்தத் தோட்டத்தை வெட்டியும் நட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். இன்று அங்கே போகிறவருக்கு எல்லாம் தானாக வளர்ந்தது போல இருக்கும். கொழும்பை ஒட்டிய கோட்டே நகரில் கட்டிய நாடாளுமன்றத்துக்கும் இதே கதைதான்: சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவை நிறுத்தி, அதில் செப்புக் கூரைகளோடு கட்டடத்தை வைத்தார். 1982இல் திறந்தார்கள். தீவுக்குள் ஒரு தீவு, அதுவும் கையால் செய்தது.

ஆகவே பாவா நிலத்தை மாற்றத் தயங்குகிறவர் இல்லை. எங்கே மாற்ற வேண்டும், எங்கே கூடாது என்று இடத்துக்கு இடம் முடிவெடுக்கிறவர். கண்டலமவுக்கு முன்னோடி என்று தேடினால் நாடாளுமன்றத்தைவிட, 1960களில் டேனிஷ் கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரோடு சேர்ந்து கட்டிய பொலொன்தலாவ எஸ்டேட் பங்களாவைச் சொல்லலாம். கொடுத்த இடம் வேண்டாம் என்று சொன்னது அங்கேயும் நடந்தது. பக்கத்தில் பெரிய உருண்டைப் பாறைகள் கிடந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, தரையிலேயே குச்சியும் கயிறும் வைத்து வீட்டைக் குறித்தார்கள். பாறைகளே சில இடங்களில் சுவராகி, அவற்றின் மேல் உத்திரம் உட்கார்ந்தது. மாத்தறையில் ருஹுணு பல்கலைக்கழகம் இதன் பெரிய வடிவம்: கடலைப் பார்த்த குன்றுகளின் சரிவில் படிப்படியாக இறங்குகிற கட்டடங்கள், இடையிடையே முற்றமும் நடைகூடமும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு தகவல். மதுரையில் மதுரா கோட்ஸ் நிறுவனத்துக்காக ஒரு கிளப் கட்டியதும், சென்னையில் கன்னிமரா ஹோட்டலின் 1970களின் மாற்றங்களைச் செய்ததும் இவர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் இவருடைய அலுவலகத்தில் பங்குதாரராக இருந்து இந்தக் கட்டடங்களை நிற்கவைத்த பொறியாளர் ஒரு தமிழர், பூலோகசுந்தரம். பாவாவின் பெயர் பேசப்படும் அளவுக்கு அவர் பெயர் பேசப்படுவதில்லை.

எப்படி நிற்பது

கண்டலம வேலை வந்தபோது பாவா அந்தப் பெரிய அலுவலகத்தை விட்டு விலகி, கொழும்பில் 33ஆவது ஒழுங்கைக்கு அருகே இளையவர்கள் சிலரை வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தார். அவருடைய அலுவலக வரைபடங்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: மரங்கள். சாதாரணமாக ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் மரம் என்றால் ஒரு வட்டம். இவர்கள் வரைபடத்தில் ஒவ்வொரு மரமும் அதனதன் கிளை, இலை, சாய்வோடு இருக்கும். கலைஞர் லக்கி சேனாநாயக்க போன்றவர்கள் வளர்த்த பழக்கம் அது. அழகுக்காக மட்டும் இல்லை. மரத்தை அப்படி வரைந்துவிட்டால் அதன் மேல் ஒரு தூணைப் போட்டுவிட்டுப் போக மனம் வராது.

கட்டடத்தின் எலும்புக்கூடு சாதாரண கான்கிரீட் தூணும் உத்திரமும்தான். மூங்கில் இல்லை, களிமண் இல்லை, ஓலை இல்லை. பாறைச் சரிவில் தூண்களை ஊன்றி, கட்டடத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார். மழை பெய்தால் பாறையில் வழிகிற நீர் கட்டடத்துக்கு அடியில் புகுந்து தன் வழியே குளத்துக்குப் போய்விடும். விலங்குகளும் அப்படியே. சரிவை வெட்டிச் சமதளமாக்கி அஸ்திவாரம் போட்டிருந்தால் அந்த நீரோட்டம் முழுவதையும் வாய்க்கால் கட்டித் திருப்ப வேண்டியிருக்கும், சில மழைக்காலத்தில் சரிவே அரித்துப்போகும்.

எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. அறைகளைப் பாறையோடு ஒட்டவில்லை. பாறைக்கும் அறைச் சுவருக்கும் நடுவே இடம் விட்டு, அதில் நடைபாதையை ஓடவிட்டார். அந்த நடைபாதைக்குச் சன்னல் கிடையாது, கண்ணாடி கிடையாது, ஏசியும் கிடையாது, திறந்த வெளி. ஒரு பக்கம் அறைக் கதவுகள், மறுபக்கம் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பாறை. சில இடங்களில் பாறை நடைபாதைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும், தரை அதைச் சுற்றிக்கொண்டு போகும். மழை நாளில் பாறை நனைந்து கறுத்து வழியும். விருந்தினர் தன் அறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குன்றின் ஓரமாக நடந்துதான் போக வேண்டும். லிஃப்டில் ஏறி, கம்பளம் விரித்த தாழ்வாரத்தில் நடந்து, எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிற ஹோட்டல் அனுபவம் இங்கே நடக்காது.

பயனும் உண்டு. பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். சுவரை அதோடு ஒட்டியிருந்தால் அந்தச் சூடும் கசியும் ஈரமும் அறைக்குள் வந்திருக்கும். இடைவெளி விட்டதால் காற்று நடுவில் ஓடி இரண்டையும் கொண்டுபோகிறது. தரை மெருகூட்டிய சிமெண்ட். தூண்களுக்கு அடர்ந்த நிறம். வெளியே இருக்கிற பச்சையோடும் பாறையோடும் போட்டி போடுகிற பொருள் எதையும் உள்ளே வைக்கவில்லை.

கூரை

பாவாவைப் புகழ்பெறச் செய்ததே ஓட்டுக் கூரைதான். 1969இல் முடிந்த பெந்தோட்டை பீச் ஹோட்டல், கொழும்பு வீடுகள், ருஹுணு, எல்லாவற்றிலும் அகன்ற இறவாரத்தோடு தாழ இறங்குகிற சாய்வுக் கூரை. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1960களிலும் 70களிலும் உள்ளூர்ப் பொருளை வைத்தே நவீனமாகக் கட்டக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. வரிவரியான சிமெண்ட் தகட்டை விரித்து அதன் மேல் பழைய அரைவட்ட ஓட்டைப் பதிப்பது அந்தக் காலத்து உத்தி. ஓடு அழகுக்கும் குளிர்ச்சிக்கும், தகடு ஒழுகாமல் இருக்க. இலங்கைக் கட்டடக்கலை என்றால் இந்தக் கூரைதான் என்று ஆகிப்போனது.

அதே மனிதர் கண்டலமவில் தட்டைக் கூரை போட்டார். பலருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும். யோசித்தால் காரணம் தெரிகிறது. பாறைச் சரிவில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்பு ஓட்டுக் கூரை போட்டால் எதிர்க்கரையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஒரு தெரு. தட்டைக் கூரை என்றால் பாறையில் இயல்பாக இருக்கிற திட்டுகளோடு இன்னொரு திட்டாகக் கலந்துவிடும். மண் போடலாம், செடி வைக்கலாம். குன்றின் உச்சிக் காடு அப்படியே கீழே இறங்கி வந்து கூரையில் நிற்கலாம். தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அடையாளத்தை எழுபது வயதுக்கு மேல் ஒருவர் கழற்றி வைப்பது சின்ன விஷயம் இல்லை.

எதை எப்போது பார்ப்பது

ஹோட்டலுக்குக் காட்டு வழியாக வளைந்து வருகிறது பாதை. வருகிற வழியில் குளம் அங்கங்கே தெரிந்தாலும் ஹோட்டல் தெரிவதில்லை. சரிவில் ஏறி நின்றால் பாறையின் வாயில் குகை போல ஒரு நுழைவு. வெயிலிலிருந்து திடீரென்று நிழலுக்குள் போகிறோம். அங்கிருந்து பாறையை ஒட்டி வளைகிற ஒரு நடைவழி, வெளிச்சம் குறைவு, பாறை பக்கத்தில். வளைவு முடிகிற இடத்தில் சுவர் இல்லாமல் எல்லாம் திறந்துகொள்கிறது: விளிம்பு தெரியாத நீச்சல் குளம், அதன் நீரோடு சேர்ந்தாற்போலக் கண்டலம குளம், காடு, சிகிரியா.

நீச்சல் குளத்து நீரும் பின்னாலுள்ள நீர்ப்பரப்பும் ஒன்றாகத் தெரியும்படி கட்டும் இந்த வித்தையை அவர் அஹுங்கல்லவில் 1981இல் முடிந்த ஹோட்டலிலேயே செய்துவிட்டார், அங்கே கடலோடு. இப்போது எல்லா ரிசார்ட்டிலும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது வாசலில் நின்றாலே தெரியும். இங்கே முதலில் இருட்டு, நெருக்கம், பாறை. அதைக் கடந்தால்தான் வெளி.

இந்த வரிசை பாவாவின் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே இருக்கிறது. தம்புள்ளைக் குகைகளுக்கு ஏறிப் போகிறவர் வெயிலில் ஏறி, பாறை விளிம்புக்கு அடியில் நுழைந்து, இருட்டில் புத்தர் சிலைகளைப் பார்த்து, வெளியே வந்து திரும்பினால் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். ஆதித் துறவிகள் தங்கிய குகைகளில் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள், மழைநீர் உள்ளே வழியாமல் அதன் விளிம்பில் சொட்டிப் போக. நம் மதுரைச் சமணர் குகைகளிலும் அதே காடிதான். பாறையைக் குடைந்து மாளிகை ஆக்காமல், ஒரு கோடு வெட்டியே அதை வீடாக்கிக்கொண்டார்கள். சிகிரியாவின் தோட்டங்களும் அப்படி: மேற்கே நேர்கோட்டில் அளவெடுத்த நீர்த்தோட்டம், பாறைகள் கிடக்கிற இடம் வந்ததும் நேர்கோட்டை விட்டுவிட்டு, அந்தப் பாறைகளுக்கு இடையே வளைந்து போகிற பாதைகள். கண்டலமவின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாறைத் தோட்டத்தில் நடந்தால் உறவு புரியும்.

உள்ளே படிக்கட்டின் மேல் லக்கி சேனாநாயக்க செய்த பெரிய உலோக ஆந்தை ஒன்று சிறகை விரித்து இறங்குகிறது. பார்க்கப் பிரமாதம். இந்தக் கட்டடத்தில் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கிற பொருள் அநேகமாக அது ஒன்றுதான், அதனால் அது எடுபடுகிறது.

கொடி, குரங்கு, பராமரிப்பு

சரி, இப்போது கொடி. திறந்த புதிதில் எடுத்த படங்களைப் பார்த்தால் கண்டலம ஒரு வெறும் கான்கிரீட் சட்டகம். சிலருக்குக் கட்டி முடிக்காத அடுக்குமாடி போலத் தோன்றியிருந்தால் குறை சொல்ல முடியாது. பால்கனிகளுக்கு வெளியே மரச் சட்டங்களால் இன்னோர் அடுக்கு இருக்கிறது. கொடி படர வேண்டியது அதில்தான். சுவரில் நேரடியாகப் படர விட்டால் வேர் விரிசலைத் தேடும், ஈரம் தங்கும், கம்பி துருப்பிடிக்கும். தள்ளி நிற்கிற சட்டத்தில் படர விட்டால் இடையில் காற்று ஓடும், சுவருக்கும் நிழல், கொடிக்கும் பிடிமானம். அறையிலிருந்து வெளியே பார்த்தால் இலைகளின் ஊடாகத்தான் குளம் தெரியும். குளியலறைக்கும் பெரிய கண்ணாடி வைத்து அதே பச்சையைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பச்சை ஏறி மூட ஆண்டுகள் பிடித்தன. வாடிக்கையாளருக்கு இதை எப்படிப் புரியவைத்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. முதல் நாளே விளம்பரப் படத்துக்குத் தயாராக வேண்டும் என்பது ஹோட்டல் தொழிலின் அவசரம். இது மெல்ல மெல்ல முடிகிற கட்டடம்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகத்தின் லீட் சான்றிதழ், வெண்கலத் தரத்தில், கண்டலமவுக்குக் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதைப் பெற்ற முதல் ஹோட்டல் இது. சான்றிதழ் பேசுவது தண்ணீர், மின்சாரம், கழிவு பற்றி. அங்கே நல்ல வேலை நடந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் வரைபடம் போட்ட காலத்தில் லீட் என்ற முறையே நடப்பில் இல்லை. பின்னால் வந்த அளவுகோலுக்கு முன்னால் கட்டியது பொருந்திப்போனது, அவ்வளவுதான்.

குரங்குகளைச் சொல்லாமல் விட்டால் கண்டலம பற்றிய ஆய்வு முழுமையாகாது. காட்டையும் கட்டடத்தையும் இப்படி ஒன்றோடொன்று பின்னிவிட்டால் குரங்குக்கு எது எல்லை என்று எப்படித் தெரியும்? மரச்சட்டம், கொடி, பால்கனி, எல்லாம் அதற்கு ஏறத் தோதான படிக்கட்டு. பால்கனிக் கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி விருந்தினருக்கு அறிவுரை உண்டு. மறந்தால் பழத்தட்டு போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் கட்டடம் தானாக இப்படி நிற்பதில்லை. கொடியைக் கத்தரிக்க, கூரையில் வேர் இறங்காமல் பார்க்க, மரச்சட்டம் உளுத்தால் மாற்ற ஆட்கள் தொடர்ந்து வேண்டும். ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு அது கட்டுபடியாகும். இதே உத்தியை ஒரு அரசுப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ எடுத்துக்கொண்டு போனால் பத்தாவது ஆண்டில் கூரை ஒழுகும். பாவாவைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு முகப்பில் கொடித்தொட்டி வைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பெரும்பாலும் குன்றை வெட்டித் தரைமட்டமாக்கிவிட்டு, அப்புறம்தான் அந்தத் தொட்டியை வைக்கிறார்கள்.

அடுத்த இரண்டு பாறைகள்

கண்டலம பாவாவின் ஒரு பாணி என்று நினைத்தால், அதற்குப் பிறகு அவர் கட்டியவற்றைப் பார்க்க வேண்டும். 1997இல் காலி நகருக்கு வெளியே, கடலுக்குள் நீட்டிய பாறைத் திட்டில் லைட்ஹவுஸ் ஹோட்டலை முடித்தார். அங்கேயும் பாறைதான், அங்கேயும் நீர்தான். ஆனால் கொடி மூடிய முகப்பு அங்கே இல்லை. உப்புக் காற்றும் அலையும் நேரே வந்து அடிக்கிற இடத்தில் மரச்சட்டமும் இலைத்திரையும் எத்தனை நாள் நிற்கும்? கனத்த சுவர்கள், கோட்டை போன்ற தோற்றம், ஓட்டுக் கூரை திரும்பி வந்துவிட்டது. காலிக் கோட்டை கண்ணுக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிற ஊரில் அந்தத் தோற்றம் விநோதமாகவும் இல்லை.

அதே ஆண்டுகளில் மிரிஸ்ஸவில், கடலைப் பார்த்த செம்மண் முகட்டில் ஒரு வீடு. அங்கே சுவரே அநேகமாக இல்லை. மெல்லிய எஃகுத் தூண்கள், மேலே தட்டையான ஒரு உலோகக் கூரை, கீழே நிழல் விழுந்த பெரிய வராந்தா. படுக்கையறைகளைச் சரிவில் கீழே தள்ளி மறைத்துவிட்டார். 1998இல் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுவதற்கு முன் அவர் கவனித்த கடைசி வேலைகளில் இது ஒன்று. ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது 2001இல் கிடைத்தபோது அவரால் பேச முடியாது. 2003இல் காலமானார், லுணுகங்கவில் தாழ்த்திய அந்தக் குன்றில்தான் தகனம் நடந்தது.

மூன்று பாறைகள், சில ஆண்டு இடைவெளி, ஒரே கை. கூரை மூன்றிலும் வேறு, சுவர் மூன்றிலும் வேறு.